அந்தப் பாட்டுக்கு நான் சொன்ன கருத்து

1999ஆம் ஆண்டு ஆடி மாதம். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, ஸ்கந்தபுரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நானும் அம்மாவும் இருந்த காலம். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, கடையில் சவர்க்காரம் இல்லை. இல்லாதவற்றை எழுதத் தொடங்கினால் இந்தக் கதை அதோடு முடிந்துவிடும். அந்த வெயிலில் தாராளமாகக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டுத்தான்.

எந்தத் தேசத்துப் பாட்டோ எனக்குத் தெரியாது. கொழும்பில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தமிழ் வானொலி அதைக் காலையில் போட்டது, மத்தியானம் போட்டது, பின்னேரமும் போட்டது. மேளமும் எக்காளமுமாகத் தொடங்கும். ஒருவன் மூச்சு விடாமல் பாடுவான். பிறகு நாலு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவான், பக்கத்தில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். எங்கள் கல்யாண வீட்டுப் பைலாவுக்கு யாரோ வெளிநாட்டில் பட்டுச்சட்டை போட்டு அனுப்பியது போல இருக்கும். நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் அதை முணுமுணுத்தார்கள். மாடு சாய்க்கிற கிழவர் அதைச் சீட்டியடித்தார். தேவாரம் பாட வாய் திறக்காத பிள்ளைகள் எல்லாம் அந்த நாலு சொல்லைப் பிழையில்லாமல் பாடினார்கள். அவை பிழையா சரியா என்று சொல்ல ஊரில் யாருமில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு அந்தப் பாட்டின் மேல் இருந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வன்னிக்குள் பற்றறி வராது. வந்தாலும் எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற விலையில் வராது. ஆகவே சைக்கிளைக் கவிழ்த்து ஆசனத்திலும் ஹாண்டிலிலும் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவோம். பின்சில்லில் உரசுகிற டைனமோவிலிருந்து ஒரு வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றினால் கேட்கும், கை ஓய்ந்தால் நின்றுவிடும். எங்கள் ஒழுங்கையில் நல்ல டைனமோ இருந்தது என் சைக்கிளில்தான். ரேடியோவும் என்னுடையதுதான். வேறு யாரும் வேகம் பிசகிச் சுற்றி ரேடியோவை எரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் எப்போதும் நானேதான் சுற்றுவேன். செய்திக்குச் சுற்றுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பின்னேரம் நாலு மணிக்கு நேயர்கள் கேட்ட பாட்டுகள் போடுகிற நிகழ்ச்சிக்கும் ஒழுங்கையே வந்து முற்றத்தில் உட்காரும். அதில் அந்தப் பாட்டு வராமல் இராது. எனக்குப் பிடிக்காத பாட்டுக்கு, என் கை நோக, என் டயர் தேய, நான் சுற்றிக்கொண்டிருப்பேன். புது டயர் வாங்க வழியில்லாத ஊரில் அது சின்ன விஷயமில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வளவுக்காரி. மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். புருசன் இல்லை. கச்சான் கடலைத் தோட்டங்களில் கூலிக்குப் போய் ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்தவள். மகள் எட்டாம் வகுப்பில் என்னிடம்தான் படித்தாள். மகன் தைப்பொங்கல் முடிந்த கையோடு வன்னியை விட்டு வெளியே போகிற பாஸ் எடுத்து, வேலை தேடி வவுனியாப் பக்கம் போனான். ஆறு மாதமாக ஒரு கடிதம் இல்லை. பிடித்து வைத்திருக்கிறார்களா, இருக்கிறானா இல்லையா, ஒன்றும் தெரியாது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் மட்டும், ரேடியோவுக்குக் கடிதம் போடுவேன் என்று அவன் யாரிடமோ சொன்னதாக ஒரு கதை கொண்டுவந்திருந்தார். அந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் நாலு மணிக்கு வேலியோரம் வந்து குந்திவிடுவாள். பாட்டு ஓடும்போது அவள் கவனிக்கமாட்டாள். பெயர் வாசிக்கும்போது மட்டும் கழுத்தை நீட்டுவாள். அவளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சைக்கிளை நிமிர்த்துவது?

அவள் பாஸுக்கும் விண்ணப்பித்திருந்தாள், வவுனியாவுக்குப் போய் நேரே தேடுவதற்கு. நாலு மாதம் பாஸ் கந்தோருக்கு நடந்து நடந்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமைக்குக் கிடைத்தது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

இனி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன்.

நான் அப்போது தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனம் இல்லை. உயர்தரத்தில் ஆங்கிலம் படித்தவள் என்ற ஒரே தகுதியில், மூன்று வகுப்புகளுக்கு ஆங்கிலம் என் தலையில் விழுந்திருந்தது. 'இவவுக்கு உண்மையில இங்கிலிஸ் தெரியுமோ' என்று சில தகப்பன்மார் கதைப்பது என் காதுக்கும் வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை, மரநிழலில் எட்டாம் வகுப்பு. வெக்கை, புழுதி, சோளகக் காற்று. நான் இறந்தகாலம் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன், பின்வரிசையிலிருந்து அந்த நாலு சொல் மெல்ல எழும்புகிறது. பத்துப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள். எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. கத்தினேன். எல்லோரும் அடங்கிய பிறகு ஒரு பிள்ளை எழும்பி, மரியாதையாகவே, அந்த இங்கிலிஸ் பாட்டின் கருத்து என்ன என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் என் வாயைப் பார்த்தது. நூறு தரமாவது பெடல் சுற்றிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டிருப்பேன், ஒரு சொல் விளங்கவில்லை. அது இங்கிலிஸ்தானா என்றே எனக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழும் சிங்களமும் இல்லாத எல்லாமே இங்கிலிஸ். தெரியாது என்று சொன்னால் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்த ஒரு கணத்தில் கோபமும் பயமும் சேர்ந்து என் வாயால் வந்தது இதுதான்:

"ஊரை விட்டுப் போன ஒருத்தன் பாட்டுப் படிக்கிறான். எனக்கு இஞ்சை நல்ல சந்தோசம், அம்மா, என்னைத் தேடி வராதேங்கோ, என்னை மறந்திடுங்கோ எண்டு சொல்லுறான். வெக்கங்கெட்ட பாட்டு. இதைப் போய்ப் படிச்சுக்கொண்டு திரியிறியள்."

பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. ஒரே கல்லில் பாட்டையும் நிறுத்தினேன், என் மானத்தையும் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாளில் என் கதை ஊரைச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. கிணற்றடியில் ஒரு பெண் அந்தப் பாட்டின் கருத்தை எனக்கே சொன்னாள். இப்போது அவனுக்கு ஒரு வெள்ளைக்காரி மனைவியும் இருந்தாள், ஊரில் தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பாட்டு நின்றதா என்றால், இல்லை. முன்பு சந்தோசமாகப் பாடியவர்கள் இப்போது சோகமாகப் பாடினார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணி. வழக்கம்போல முற்றம் நிறைய ஆட்கள். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் பெயர்களை அடுக்கிக்கொண்டு போனார். ஸ்கந்தபுரத்தில் இருக்கும் அம்மா என்றார், அவளுடைய பெயரைச் சொன்னார். தங்கையின் பெயரைச் சொன்னார். கொழும்பிலிருந்து மகன் என்று அவனுடைய பெயரைச் சொன்னார்.  நான் சுற்றுவதை விடவில்லை. அவள் எழும்பி நின்று, "உசுரோட இருக்கான், எம் புள்ள உசுரோட இருக்கான்" என்று பக்கத்தில் இருந்தவர்களின் கையையெல்லாம் பிடித்தாள். எங்கள் அம்மா கண்ணைத் துடைத்தா. அதற்குள் மேளமும் எக்காளமும் தொடங்கின. அதே பாட்டு. அன்றைக்கு மட்டும் நான் அதை முழுமனத்தோடு சுற்றினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் அரை நிமிடம்கூட அப்படிச் சுற்றக் கிடைக்கவில்லை.

அவளுடைய மகள் விம்மத் தொடங்கினாள். ஏன்டி அழுகிறாய் என்று தாய் கேட்டாள். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கிணற்றடிப் பெண்ணுக்கு அடக்க முடியவில்லை. நல்ல மனத்தோடுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்: அந்தப் பாட்டு அப்படிப்பட்ட பாட்டு, தாயை வரவேண்டாம் என்று சொல்கிற பாட்டு, ரீச்சரே வகுப்பில் விளக்கியவா என்று.

அவள் என்னைப் பார்த்தாள். "மெய்யாங்களா டீச்சர்?"

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? "பாட்டுத்தானே அக்கா, அதைப் பெரிசா எடுக்காதேங்கோ." இதைவிட உறுதியாக ஆமென்று சொல்ல ஒருவராலும் முடியாது. அவள் சந்தோசத்தில் பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை முடிந்து எல்லோரும் போன பிறகு மகள் மரத்தடியில் நின்றாள். அம்மா வியாழக்கிழமை போகமாட்டாவாம், அன்றைக்கே பாஸைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப்போகிறாவாம் என்றாள்.  இன்றைக்குத் திறந்திருக்கிற பாதை நாளைக்கு மூடப்படும் காலம் அது. நாலு மாதம் நடந்து எடுத்த பாஸ் போனால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. பெயர் வாசித்துவிட்டார்கள்தான், ஆனால் அவன் கொழும்பில் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று அதில் இல்லை. வவுனியாவுக்காவது போய் விசாரித்தால்தான் உண்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் என் வாயால் பக்கத்து வீட்டுத் தாயைக் கெடுத்திருந்தேன்.

நேரே அவள் வளவுக்குப் போனேன். பிடுங்கிப் போட்ட செடிகளிலிருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலத்திலேயே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பாட்டு எனக்கு விளங்காது, நான் சொன்னது முழுப் பொய், கோபத்தில் கட்டிவிட்டேன் என்றேன். அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, நோயாளியைப் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பது போல, பரிவாகச் சிரித்தாள்.

"எனக்கு மனசு நோகக்கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க. நீங்க நல்லாயிருக்கணும் டீச்சர்."

நான் சத்தியம் செய்கிறேன் என்றேன். சத்தியமெல்லாம் வேண்டாம், பாவம் என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தலையாட்டினாள், நம்பவில்லை. என் பொய்யை ஊரே ஒரு தரம் கேட்டதும் நம்பியது. உண்மையை ஒருத்திக்கு மூன்று தரம் சொல்லியும் ஏறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவளிடமே எரிந்து விழுந்தேன், ஏன் இப்படி விடாப்பிடியாக இருக்கிறீர்கள் என்று. பொய் சொன்னதும் நான், கோபமும் எனக்கே! அவள் கோபிக்கவில்லை. கச்சானை உதறிக்கொண்டே சொன்னாள்:

"அத்தன புள்ளைங்க முன்னால, வகுப்புல நின்னு சொன்னது எப்படிங்க பொய்யாகும்?"

நான் எழும்பினேன். வீட்டுக்கு வந்து சோறும் இறங்கவில்லை. இவளுக்கு நான் தனியாகச் சொல்வது எதுவும் ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்கும். அத்தனை பேர் முன்னால் கட்டியதை அத்தனை பேர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். அதை நினைக்க எனக்குக் குளிர் காய்ச்சல் வருவது போல இருந்தது. நிரந்தர நியமனத்துக்கு என் பெயரை அனுப்பிச் சில வாரங்கள்கூட ஆகவில்லை.

புதன்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம், பின்னேரம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு ரேடியோ கேட்க வரவேண்டும், தாய் தகப்பனையும் கூட்டிவரலாம் என்றேன். அவளுடைய மகளிடம், எப்படியாவது அம்மாவை வேலி வரைக்குமாவது கொண்டுவந்துவிடு என்றேன். நாலு மணிக்கு முற்றம் கொள்ளாத கூட்டம். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உள்ளே வரவில்லை. நான் சைக்கிளைக் கவிழ்த்துச் சுற்றத் தொடங்கினேன். அந்தப் பாட்டு வருமா என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. அது வராத நாள் இல்லை. இரண்டாவது பாட்டாகவே வந்தது. பாதியில் கையை எடுத்தேன். சில்லு மெல்லச் சுற்றி நின்றது, பாட்டும் இழுத்துக்கொண்டு நின்றது. என்ன ரீச்சர் என்று நாலு பக்கமும் கேட்டார்கள்.

"இது இங்கிலிஸ் இல்லை," என்றேன். "என்ன பாசையெண்டும் எனக்குத் தெரியாது. இதில ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை. வகுப்பில நான் சொன்ன கருத்து முழுக்க நான் கட்டினது. தெரியாதெண்டு சொல்ல வெக்கத்தில சொன்ன பொய்."

 முதலில் ஒரு பிள்ளை சிரித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. கிணற்றடிப் பெண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் அந்தக் கதையை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பாளோ. ஒரு தகப்பன் எழும்பி, அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளவு நாளும் என்ன படிப்பித்தீர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைத்தான் படிப்பித்தேன், இது தெரியாது என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு மகளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் என் கண் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் உள்ளே வந்தாள்.

"இத்தன பேரு முன்னால எந்த டீச்சரும் தனக்குத் தெரியாதுன்னு பொய் சொல்லமாட்டாங்க," என்றாள், எனக்கல்ல, மகளுக்கு. சட்டைக்குள்ளிருந்த பொலித்தீன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாளைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற உழவு மெசின் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "சுத்துங்க டீச்சர், பாட்டு இன்னும் முடிஞ்சிருக்காது" என்றாள். நான் சுற்றினேன்.

வியாழக்கிழமை விடியவே அவள் போய்விட்டாள். மகள் எங்கள் வீட்டில் தங்கினாள். அன்று வகுப்புக்குப் போனபோது கரும்பலகையில் 'தெரியாது ரீச்சர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்தப் பெயர் நான் அந்தப் பாடசாலையை விட்டுப் போகும்வரைக்கும் என்னை விடவில்லை. அதிபர் ஒன்றும் ஏசவில்லை. ஆனால் அடுத்த தவணையில் பெரிய வகுப்பு ஆங்கிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அது நன்றாகவே சுட்டது.

மூன்று கிழமை கழித்து அவள் வந்தாள், மெலிந்து, வெயிலில் கறுத்து, முகம் மட்டும் தெளிந்து. மகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். ஆரம்பத்தில் பொலிஸ் பதிவுப் பிரச்சினையில் இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்திருக்கிறான். பிறகு எழுதிய கடிதங்கள் வந்து சேரவில்லை. யார் யாரையோ பிடித்துச் செய்தி அனுப்பி அவனை வவுனியாவுக்கு வரவழைத்து, இரண்டு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்தப் பாட்டைப் பற்றியும் அவனிடம் கேட்டதாகச் சொன்னாள்.

"அவன் அந்தப் பாட்டே கேக்கலயாம் டீச்சர். மூணு தடவ அம்மா பாட்டு ஒண்ணு கேட்டு எழுதினானாம். அவுங்க பேர மட்டும் வாசிச்சிட்டு இதையே போட்டுட்டாங்களாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் கேட்காத பாட்டு. நான் அறியாத பாசை. இதை வைத்துக்கொண்டு ஒரு தாயின் பயணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தேன். அவளோ வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு நாள் மகனோடு இருந்துவிட்டு வந்தவளுக்கு எதுவும் சிரிப்புத்தான்.

அது ஸ்பானிய மொழி என்று பல வருடம் கழித்து ஒருவர் சொல்லி அறிந்தேன். கருத்தை எடுத்துத் தரவா என்றும் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தப் பாட்டோடு நான் பட்டது போதும்.

இப்போது நான் நியமனம் கிடைத்து நரைத்தும் போன ஆசிரியை. ஆனாலும் ஒரு பிள்ளை எழும்பி எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால், இன்றைக்கும் நாக்கு நுனியில் முதலில் வந்து நிற்பது பொய்தான். அப்போதெல்லாம் கச்சான் ஆய்ந்துகொண்டு, நான் சொன்ன உண்மையை நம்பாமல் பரிவாகச் சிரித்த அந்த முகம் கண்முன் வரும், நான் பொய்யை விழுங்கிவிட்டுத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.